கரி அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும்

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸின் டாலஸ் பக்கத்தில் குடியிருக்கிறோம். வாரக் கடைசியில் பனிப்புயல் வரும், கரண்ட் போகலாம் என்கிறார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியாரும் இருக்கிறார்கள். ஹீட்டர் நின்றுவிட்டால் பேக்யார்டில் இருக்கும் பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவந்து கரி மூட்டலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது சகோதரி. முதலில் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பார்ப்போம்.

கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்கும். குளிரில் வந்த அசதி என்று படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஆபத்து ஆபத்துதான். 2021 பிப்ரவரிப் புயலில் 246 பேர் இறந்ததாக டெக்சாஸ் அரசே கணக்குச் சொன்னது. குளிர் தாக்கி இறந்தவர்களே அதிகம். ஆனால் சூட்டுக்காக கராஜில் காரை ஓடவிட்டு இந்த வாயுவுக்குப் பலியானவர்களும் உண்டு. கேஸ் அடுப்பைக் கொளுத்தி அறையைச் சூடாக்குவதும் வேண்டாம். ஜெனரேட்டர் இருந்தால் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வெளியே ஓடட்டும். பேட்டரியில் வேலை செய்யும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை இன்றே வாங்கிப் படுக்கையறை அருகே மாட்டுங்கள்.

சூட்டுக்கு, எல்லோரும் ஒரே சின்ன அறையில் இருங்கள். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள், ஜன்னல்மேல் கம்பளி தொங்கவிடுங்கள். உங்கள் மாமியார் சேலைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர் போதும் என்பார். விட்டுவிடாதீர்கள். உள்ளே தெர்மல், மேலே கம்பளி, தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ். வயதானவர்களுக்கு உடம்பு சில்லிட்டுப்போவது சட்டென்று தெரியாது. அடிக்கடி பேச்சுக் கொடுங்கள். வார்த்தை குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, குளிர் குறையாமலே நடுக்கம் மட்டும் நின்றாலோ உடனே 911 அவசர எண்ணை அழையுங்கள். அவருடைய மாத்திரைகள் ஒரு வாரத்துக்காவது கையிருப்பில் இருக்கட்டும்.

அந்த ஊர்க் குழாய்கள் கடுங்குளிருக்குப் போட்டவை அல்ல. சிங்க் அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்துவிட்டு, குழாயை மெல்லச் சொட்டவிடுங்கள். குழாய் வெடித்தால் மூட வேண்டிய மெயின் வால்வு எங்கே என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் தண்ணீர் வேண்டும். டாய்லெட்டுக்கு பாத்டப்பை நிரப்பலாம், ஆனால் குழந்தை இருப்பதால் அந்தக் கதவு எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும். ஃப்ளாஸ்க் நிறைய வெந்நீர், அவல், பிரெட், பழம் என்று அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியவற்றை எடுத்து வையுங்கள்.

கரண்ட் வராமல் வீடு தாங்க முடியாதபடி குளிர்ந்தால், கணப்பு வசதியுள்ள முகாம் எங்கே என்பதை 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணில் சொல்வார்கள். அந்த எண்ணை இப்போதே அழைத்து விலாசம் வாங்கி வையுங்கள். போவதானால் சாலையில் ஐஸ் படிவதற்கு முன்னால் கிளம்பிவிடுங்கள்.