மூணு வயசுக் குழந்தைக்கு பாட்டு கத்துக் கொடுக்க முடியுமா? என் பொண்ணு கிளாஸ்ல உட்காரவே மாட்டேங்கிறா, சுருதியும் சேரலைனு டீச்சர் சொல்றாங்க

இந்தக் கேள்வியைப் பார்த்துட்டு தாண்டிப் போக முடியல. "சுருதி சேரல"னு நானே மூணு வயசுப் பிள்ளைங்களைப் பார்த்து சொல்லியிருக்கேன், இன்னைக்கு நினைச்சாலும் மனசு அடிச்சுக்குது. உங்க பொண்ணை பாய் விரிச்சு சம்மணம் போட்டு உட்கார வச்சு நேரா சரளி வரிசைல (ச ரி க ம ப த நின்னு பாடுற முதல் பாடம்) ஆரம்பிச்சிருப்பாங்க, டீச்சர் லேடின்னா அஞ்சு கட்டை, அஞ்சரை கட்டைல சுருதி வச்சிருப்பாங்க (ஆர்மோனியக் கட்டையை வச்சு சுருதி உயரத்தைச் சொல்ற கணக்கு). அப்படித்தான்னா குறை உங்க பொண்ணுகிட்ட இல்லவே இல்ல.

நான் 11 வருஷம் வாய்ப்பாட்டு கத்துக்கிட்டவ. 2016ல திருச்சில ஒரு பிளே ஸ்கூல்ல மியூசிக் மிஸ்ஸா சேர்ந்தேன். 22 பிள்ளைங்க, எல்லாம் மூணுலருந்து நாலரை வயசு. எனக்கு எங்க டீச்சர் எப்படி சொல்லிக் கொடுத்தாங்களோ அதே மாதிரி அஞ்சு கட்டைல சுருதி வச்சு மாயாமாளவகௌளை ராகத்துல ச ரி க ம ஆரம்பிச்சேன். ஒரு பிள்ளையும் பாடல, எல்லாம் தொண்டைக்குள்ளயே உறுமுச்சுங்க. பத்து நிமிஷத்துல பாதிப் பேர் தரையில உருள ஆரம்பிச்சாச்சு, ரெண்டு பேர் அழுதாச்சு. இப்படியே மூணு வாரம் ஓடுச்சு, இந்த பேட்ச்சுக்கு காதே இல்லைனு வீட்ல வந்து புலம்பியிருக்கேன்.

அப்புறம் ஒரு நாள் இன்டர்வெல்ல ஊஞ்சல்கிட்ட ரெண்டு பொடிசுங்க இன்னொருத்தனை "வா...டா, வா...டா"ன்னு இழுத்து இழுத்து கூப்பிட்டுச்சுங்க. ரெண்டும் ஒரே சுருதி, துளி பிசகல. போன்ல சுருதிப்பெட்டி ஆப் இருந்துச்சு, போட்டுப் பார்த்தேன். ரெண்டு கட்டையை ஷட்ஜமா (ச) வச்சா அந்த "வா" சரியா பஞ்சமத்துல (ப) நிக்குது, "டா" அந்தர காந்தாரத்துல (க) இறங்குது. உறுமுன அதே பிள்ளைங்கதான்.

அன்னைக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சது. இந்த வயசுக் குழந்தைங்களுக்கு வசதியா வர்ற குரல் கிட்டத்தட்ட ரெண்டு கட்டைலருந்து ஆறு கட்டை வரைதான் (நான் பாடுற அஞ்சு கட்டைக்கு மேல, அடுத்த ஸ்தாயில வர்ற ரெண்டு கட்டை இது), மொத்தமே அஞ்சு ஸ்வரம். நான் அஞ்சு கட்டைல பாடுறப்போ என் பஞ்சமம் இருக்குற இடத்துலதான் அவங்க குரலே ஆரம்பிக்குது. ச ரி க ம நாலும் அவங்களுக்கு கிணத்துக்குள்ள கிடக்கு, அவ்வளவு ஆழத்துக்கு இறங்கச் சொன்னா உறுமத்தானே செய்யும்! ஹங்கேரில ஸோல்தான் கோடாய்னு ஒரு இசையமைப்பாளர், ஊர் ஊரா போய் நாட்டுப்பாட்டு சேகரிச்சவர் (1967ல காலமானார்), அவர் பேர்ல இருக்குற பாடமுறைல சின்னப் பிள்ளைங்களுக்கு முதல்ல கொடுக்குறதே இந்த ப - க இறக்கத்தைத்தான். எனக்கு அது பின்னாடிதான் தெரியும், முதல்ல காட்டிக் கொடுத்தது அந்த ஊஞ்சல்தான்.

உடனே "கர்நாடக சங்கீதத்தையே குறை சொல்றியா"ன்னு வரிஞ்சு கட்டிட்டு யாரும் வர வேணாம். புரந்தரதாசர் வகுத்ததுனு சொல்ற சரளி வரிசை மேல எனக்கு இருக்குற மரியாதை ஒரு நாளும் குறையாது, என் பொண்ணும் ஏழு வயசுல அதுலதான் ஆரம்பிச்சா. மூணு வயசுல எல்லாத்தையும் கரெக்டா பாடுற குழந்தைங்களும் இருக்காங்க, நான் பார்த்திருக்கேன். 22 பேர்ல அப்படி ஒருத்தர் இருந்தா மத்த 21 பேரை என்ன பண்றதுங்கிறதுதான் என் கேள்வி.

அதுக்கப்புறம் நான் செஞ்சது இதான். என் பஞ்சமத்தை அவங்க ஷட்ஜமா வச்சுக்கிட்டேன். வருகைப் பதிவையே பாட்டாக்கிட்டேன், நான் பேரை ப - கல கூப்பிட்டா அவங்க அதே மாதிரி "வந்-தேன்"னு பாடணும். பாயை சுருட்டி ஓரமா வச்சாச்சு. விரல் விட்டு ஆதி தாளம் போடுறது அந்தக் குட்டிக் கைக்கு வராது, சுண்டு விரலை மட்டும் தனியா எடுக்கவே அவங்களுக்கு முடியாது, அதனால காலால தாளம். எட்டு யானை நடை, அப்புறம் அதே நேரத்துல பதினாறு எலி நடை. ஒண்ணாங்காலம் ரெண்டாங்காலம்ங்கிற (ஒத்தை வேகம், இரட்டை வேகம்) பேரே சொல்லாம அது உடம்புல ஏறிடுச்சு. கொட்டு நின்னா சிலையா நிக்கணும், அதுல ஒரு நாளும் ஒருத்தரும் உருளல.

வாத்தியம்னு பெருசா ஒண்ணும் வாங்கல. பக்கத்து மெஸ்ல கொட்டாங்குச்சி கேட்டு வாங்கி உப்புத்தாள் போட்டு ஓரத்தைத் தேய்ச்சேன். சின்ன பாட்டில்ல கேழ்வரகு, பச்சரிசி, புளியங்கொட்டைனு தனித்தனியா போட்டேன், ஒவ்வொண்ணும் ஒரு சத்தம். மூடியை எம்-சீல் வச்சு கண்டிப்பா அடைச்சிடுங்க, புளியங்கொட்டை வாய்க்குள்ள போனா விபரீதம். ஒரே நேரத்துல ஆறு பேர் கைலதான் கொட்டாங்குச்சி இருக்கும், மத்தவங்க ஆடணும். கான்கிரீட் ரூம்ல 22 ஜோடி தட்டினா பிள்ளைங்க காதுக்குத்தான் கெடுதல்.

சொல்கட்டுக்கு, அதாவது தாளத்தை வாயால சொல்ற தக தகிடவுக்கு, காய்கறி. பூண்டுனா தக, தக்காளினா தகிட, முருங்கக்கானா தகதிமி. "பூண்டு தக்காளி"ன்னு சேர்த்து சொல்லித் தட்டினா அஞ்சு அஞ்சா எண்ணுற கண்ட நடை, பெரியவங்களே திணறுறது. அந்த கிளாஸ்ல ஒரு பொண்ணு, சேர்ந்து நாலு மாசம் ஒரு வார்த்தை பேசினதில்ல, பை வைக்கிற ஷெல்ஃப் பக்கத்துலயே ஒண்டிக்கிட்டு நிக்கும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல டேபிளுக்கு அடியில இருந்து டக்டக் டக்டக்டக்னு சத்தம். குனிஞ்சு பார்த்தா டிபன் பாக்ஸ் மூடியில ரெண்டு விரலால தட்டிட்டு இருக்கு, உதடு மட்டும் அசையுது. நான் ஒண்ணும் சொல்லல, பக்கத்துல தரையில உட்கார்ந்து நானும் தட்டினேன். அது நிறுத்தல. அடுத்த வாரம் அவங்க ஆச்சி வந்து, "என்ன மிஸ்ஸு, சோத்துத் தட்டை வச்சாலே பூண்டு தக்காளிங்குறா, வீட்ல அவ சத்தமாத்தான் இருக்கு"ன்னாங்க. நான் டாக்டர் கிடையாது, பாட்டு பேச்சை வரவழைச்சுதுனு சொல்லவே மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்றேன்.

ஆண்பால் பிள்ளைத்தமிழ்ல (கடவுளையோ தலைவரையோ ஆண் குழந்தையா வச்சுப் பாடுற நூல்) சிறுபறைனே ஒரு பருவம் இருக்கு, குழந்தை குட்டிப் பறை கொட்டுற பருவம். அதுக்கு முன்னாடியே கை கொட்டுற சப்பாணி வந்துடும். நம்ம புலவர்களுக்கு தெரிஞ்சது நமக்கு ஏன் மறந்துச்சுனு தெரியல.

கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. நாலு வருஷம் அங்க வேலை பார்த்தேன், ஒரு வருஷம் கூட மே மாசச் சம்பளம் தரல. "லீவுதானே மிஸ்"னாங்க. ஃபீஸ் மட்டும் பெத்தவங்ககிட்ட பன்னிரண்டு மாசத்துக்கும் வாங்கினாங்க. லீவுல உட்கார்ந்துதான் நான் அந்த கொட்டாங்குச்சியெல்லாம் தேய்ச்சேன். பிள்ளைங்களுக்கு பாட்டு வேணும்னு கேக்குற பெத்தவங்க, பாட்டு மிஸ்ஸுக்கு மே மாசம் அடுப்பு எரியுதானும் ஒரு வார்த்தை கேளுங்க.

உங்க விஷயத்துக்கு வர்றேன். அந்த கிளாஸை ஒரு வருஷம் நிறுத்துங்க. வீட்ல சுருதிப்பெட்டியை ரெண்டு கட்டைல வச்சுட்டு, சாப்பிடக் கூப்பிடுறது, குளிக்கக் கூப்பிடுறது எல்லாத்தையும் அந்த ப - கல கூப்பிடுங்க. அவ உருண்டுக்கிட்டே பதில் சொன்னா சொல்லட்டும், உட்காருன்னு மட்டும் சொல்லாதீங்க. பத்து நாள் கழிச்சு சேர்ந்துச்சா இல்லையானு இங்கயே வந்து சொல்லுங்க, நான் பார்ப்பேன்.