மகள் மின்சாரத் துறை வக்கீலாகப் போகிறேன் என்கிறாள், விடலாமா?

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன அம்மா. சோலார், மெட்ரோ, நெடுஞ்சாலை என்று கம்பெனிகளுக்கும் அரசுக்கும் நடுவில் ஒப்பந்தம் எழுதுவதெல்லாம் ஒரு வக்கீல் வேலையா என்பது ஒன்று. மாமா சொல்கிற மாதிரி பேசாமல் சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்க வைத்துவிடலாமா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு டெல்லி விமான நிலைய மெட்ரோ வழித்தடத்தைப் பாருங்கள். 2008-ல் டெல்லி மெட்ரோ நிறுவனமும் ஒரு தனியார் நிறுவனமும் 30 ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டன. 2012-ல், கட்டுமானத்தில் குறை இருக்கிறது, 90 நாளில் சரிசெய்யுங்கள் என்று தனியார் தரப்பு நோட்டீஸ் கொடுத்தது. சரிசெய்யவில்லை என்று சொல்லி ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. 2017-ல், நீதிமன்றத்துக்கு வெளியே இப்படிப்பட்ட தகராறைத் தீர்க்கிற நடுவர் தீர்ப்பாயம் தனியார் தரப்புக்கு ஏறக்குறைய 2,800 கோடி ரூபாய் தரச் சொன்னது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2024 ஏப்ரலில் அதே உச்ச நீதிமன்றம், சீராய்வு மனுவும் தள்ளுபடியான பிறகு கடைசி வாய்ப்பாகப் போடுகிற குறைதீர்ப்பு (கியூரேட்டிவ்) மனுவில், அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதியது. அதற்குள் வட்டியும் சேர்ந்து தொகை இரண்டு மடங்குக்கும் மேலாகியிருந்தது. இத்தனைக்கும் முக்கியமான சண்டை முறிவுப் பிரிவில் உள்ள ஒரு வரியைப் பற்றியது: 90 நாளுக்குள் குறை முழுசாகத் தீர்ந்திருக்க வேண்டுமா, இல்லை தீர்க்க உருப்படியான நடவடிக்கை எடுத்திருந்தாலே போதுமா. அந்த வரியை 2008-ல் எழுதியவர்களும் வக்கீல்கள், பல வருஷம் கழித்து அதை வைத்து வாதாடியவர்களும் வக்கீல்கள். உங்கள் மகள் போக விரும்புவது இந்த இடத்துக்குத்தான்.

மின்சாரத்திலும் இதே கதைதான், மன்றம் மட்டும் வேறு. 2003 மின்சாரச் சட்டப்படி, மின் உற்பத்தி நிறுவனத்துக்கும் மின்வாரியத்துக்கும் கட்டணத் தகராறு வந்தால் முதலில் மாநில ஒழுங்குமுறை ஆணையம், அப்புறம் டெல்லியில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். சென்னையில் நம் ஆணையத்தின் முன் காற்றாலை, சோலார் வழக்குகளில் வருஷக்கணக்காக வாதாடுகிற வக்கீல்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு, அதனால்தான் புதிதாக வருகிற பிள்ளைக்கு அங்கே இடம் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மும்பை, டெல்லி பெரிய சட்ட நிறுவனங்கள் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில்தான் முதலில் ஆள் தேடும். மாவட்டத்து அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண்ணுக்கு அந்த வாசல் எளிதில் திறக்காது. ஆனால் அவளுக்கு வேறு ஒரு பலம் இருக்கிறது, அதை அவளே உணர்ந்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். ராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ ஒரு சோலார் பூங்கா வர வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான ஏக்கர் வேண்டும், வங்கி கடன் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து படித்து அறிக்கை தர வேண்டும். எழுபது வருஷத்துக்கு முந்தைய பத்திரத்தின் கையெழுத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். ஒரு துண்டு நிலம் பஞ்சமி நிலமாக, அதாவது பட்டியல் சாதி மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலமாக இருந்தால் அதைக் கம்பெனி வாங்கவே முடியாது. அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் கம்பெனிக்கு நஷ்டம் என்பதோடு முடியாது, அந்த நிலத்துக்கு உரிய மக்களுக்குச் செய்கிற அநியாயமும் ஆகும். நில உச்சவரம்புச் சட்டம் வேறு இருக்கிறது. இந்த வேலையை டெல்லி வக்கீலால் செய்ய முடியாது. தமிழ் நன்றாகப் படிக்கிற, கிராம நிர்வாக அலுவலரிடம் நின்று பொறுமையாகக் கேட்டு வாங்கத் தெரிந்த உங்கள் பெண்ணால் முடியும். முதல் வருமானம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வரும், இதைத் தாழ்வாக நினைக்கக் கூடாது.

இப்போது மாமாவின் யோசனை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்க மூன்று ஆண்டு வக்கீல் தொழில் அனுபவம் கட்டாயம் என்று மறுபடியும் சொல்லிவிட்டது. ஆகவே படித்து முடித்த கையோடு தேர்வு எழுதுகிற பேச்சே இல்லை. அந்த மூன்று வருஷத்தை எங்கே கழிப்பது என்பதுதான் கேள்வி. ஒழுங்குமுறை ஆணையத்திலும் உயர் நீதிமன்றத்தில் நடுவர் வழக்குகளிலும் ஆஜராகிற ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேரட்டும் என்பது என் கருத்து. கம்பெனி வேலைக்கு உடனே போக வேண்டாம். முழுநேரச் சம்பளத்துக்குப் போனால் பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் பதிவை நிறுத்திவைக்க வேண்டும், அனுபவக் கணக்கும் அங்கேயே நின்றுவிடும். ஜூனியர் சம்பளம் ஆரம்பத்தில் சொற்பம்தான், இரண்டு வருஷத்துக்கு வீட்டிலிருந்து கொஞ்சம் தாங்க வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பின்னால் முதுநிலைச் சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான முதுநிலை கிளாட் எழுதினால், அந்த மதிப்பெண்ணை வைத்துச் சட்ட அலுவலர்களை எடுக்கிற பொதுத்துறை நிறுவனங்களும் உண்டு. என்டிபிசி, பவர் கிரிட் அப்படி எடுத்திருக்கின்றன.

மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: கணக்கு பிடிக்குமா? ஹைபிரிட் ஆன்யூட்டி சாலைத் திட்டத்தில் கட்டும்போதே அரசு 40 சதவீதம் தருகிறது, மீதியைத் தவணையாக வட்டியோடு தருகிறது. இதில் வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்று பார்க்கச் சோம்பல்படுகிறவருக்கு இந்தத் துறை ஒத்துவராது. பிடிக்கும் என்றால், இந்த விடுமுறையில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்திலிருந்து ஏதாவது ஒரு காற்றாலை வழக்கின் உத்தரவை எடுத்து முழுதாகப் படித்து, யார் என்ன கேட்டார்கள், ஆணையம் ஏன் அப்படி முடிவு செய்தது என்று இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு, எந்த வக்கீலிடம் இன்டர்ன்ஷிப் கேட்கலாம் என்று அவளிடமே பேசுகிறேன்.