பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

மண்டபம், பாம்பன் பக்கத்துப் பள்ளிகளில் 31 வருஷம் தையல் டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் அந்தக் காலத்தில் எழுத்து, எண், பறவை என்று தைத்துப் பழகி, பெயரும் வருஷமும் போட்டு வைத்த தையல் மாதிரித் துணிகளைத் தேடித் தேடிச் சேர்த்து வருகிறேன். சென்ற இதழில் அதைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் நான்கிற்கு இங்கே பதில்.

எங்கள் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு துணி கிடைத்தது. ஆங்கில எழுத்துகள், எண்கள், இரண்டு கிளிகள், கீழே அப்பத்தா பெயர். வருஷம் மட்டும் இல்லை. பெயருக்குப் பக்கத்தில் இடம் சும்மா கிடக்கிறது. எந்தக் காலத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, தங்கச்சிமடம்

அந்தச் சும்மா கிடக்கிற இடத்தைத்தான் முதலில் பார்க்கணும் அம்மா. துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசி ஏறி இறங்கிய இடத்தில் இழை விலகி நிற்கும். நூலைப் பிரித்தாலும் அந்த ஓட்டை லேசில் மூடாது.

பாம்பனில் ஒரு வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த துணியில் இதே மாதிரி வெற்றிடம் இருந்தது. வீட்டுக்காரர்கள் அனுமதியோடு கழற்றி, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு ஓட்டையையும் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் குறித்தேன். 1, 9, 3 உடனே விழுந்துவிட்டன. கடைசி எண் 6-ஆ, 8-ஆ என்று அரை மணி நேரம் குழப்பம். வலது மேல் ஓரத்தில் இரண்டு கட்டத்துக்கு ஓட்டையே இல்லை. அப்போ 6. துணியைப் போட்ட அம்மாவின் மகள் அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்: பெண் பார்க்க வந்தவர்களிடம் வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தார்களாம். துணியோ கூடத்தில் தொங்குகிறது. ராத்திரியோடு ராத்திரியாக வருஷத்தைப் பிரித்து எடுத்துவிட்டார்களாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படி வருஷம் பிரிக்கப்பட்ட துணிகள் நிறைய உண்டு. காரணமும் பெரும்பாலும் அதே வயதுதான்.

உங்களுடையது மேட்டித் துணி என்றால் நெசவிலேயே ஓட்டை இருக்கும், இந்த வழி சிரமம். அப்போது நிறத்தைப் பாருங்கள். தையலுக்கு அடியில் இருந்த துணி வெளுக்காமல், அழுக்குப் படாமல் குட்டிச் சதுரமாகத் தெரியலாம். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கிளியின் உண்மையான பச்சை அங்கேதான் இருக்கும். முன்பக்கத்துப் பச்சையை வெளிச்சம் தின்றிருக்கும்.

லண்டனில் இருக்கும் என் தம்பி பழைய சாமான் சந்தையில் ஒரு தையல் துணி வாங்கி அனுப்பினான். ஆங்கில எழுத்து வரிசையில் ஜே-யும் யு-வும் இல்லை. ஏமாந்துவிட்டானா?
– வாசகர், கீழக்கரை

இல்லை, தம்பி நல்ல பொருள்தான் வாங்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பழைய வரிசையில் ஐ-யும் ஜே-யும் ஒரே எழுத்தாகவும், யு-வும் வி-யும் ஒரே எழுத்தாகவும் இருந்தன. அதை மட்டும் வைத்து வருஷத்தைக் கணக்குப் போடாதீர்கள். பழைய மாதிரியைப் பார்த்துப் பிற்காலத்துப் பிள்ளைகளும் அப்படியே போட்டிருக்கிறார்கள்.

இவற்றை அங்கே 'சாம்ப்ளர்' என்கிறார்கள். மாதிரி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வருஷம் போட்ட ஆங்கில சாம்ப்ளர்களில் மிகப் பழையது 1598-இல் ஜேன் போஸ்டாக் என்பவர் போட்டது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தும் எண்ணும் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நம் ஊரில் சலவைக்குப் போடும் துணியில் ஓரமாகக் குறி போடுவார்களே, அதே வேலைதான். படுக்கை விரிப்பு, சட்டை எல்லாவற்றிலும் வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்தையும் எண்ணையும் தைத்து வைக்கத் தெரிந்திருக்கணும். வேலைக்காரியாகப் போகிற ஏழைப் பெண்ணுக்கு அது பிழைப்பு.

அம்மா பள்ளியில் போட்ட துணியில் பழுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன. வீடு கடலை ஒட்டி. சோப்புத் தண்ணீரில் அலசலாமா?
– வாசகி, தேவிப்பட்டினம்

தயவுசெய்து நனைக்காதீர்கள். எனக்குக் கிடைத்த முதல் துணியை, 30 ரூபாய்க்குப் பழைய பேப்பர்காரரிடம் வாங்கியதை, நானே பச்சைத் தண்ணீரில் போட்டேன். சிவப்பு நூல் சாயம் விட்டு, அன்னப் பறவையின் கழுத்து முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது. பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கே தெரியாமல் போனதே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நம் கரையில் காற்றோடு உப்பு வருகிறது. துணியில் படிந்த உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும். புள்ளி ஆணி அடித்த இடத்தைச் சுற்றி இருந்தால் அது துரு. கடற்பக்கத்துச் சுவரிலிருந்து முதலில் இறக்குங்கள். சட்டத்துக்குள் முதுகுப்பலகை மரமாகவோ அட்டையாகவோ இருந்தால் அதுவும் துணியைப் பழுப்பாக்கும். பசை வைத்து ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். ஒரு சட்டக் கடையில் என் துணி ஒன்றை அப்படி ஒட்டிக் கொடுத்து, பிரிக்கும்போது ஒரு வரி எழுத்தே போய்விட்டது. மடிக்காமல், பழைய வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிய குழாயில் தையல் வெளியே தெரியும்படி சுருட்டி வையுங்கள். கஞ்சி போடவே கூடாது, ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. வசம்பைத் தனித் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடுங்கள், துணியில் பட வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் ஒருநாள் ஆறவிடுங்கள்.

சித்தி போட்ட 'நல்வரவு' துணியை விற்றால் என்ன கிடைக்கும்?
– வாசகர், தொண்டி

இங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அமெரிக்காவில் 1807-இல் மேரி ஆன்ட்ரிம் என்ற பெண் போட்ட சாம்ப்ளர் 2012 ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. அதைத் தன் சேகரிப்பில் வைத்திருந்த அம்மையாரின் பெயர் பெட்டி ரிங் (Betty Ring). அவர் துணிகளைச் சேர்த்ததோடு நிற்காமல், எந்தப் பள்ளி, எந்த ஆசிரியை என்று பழைய தாள்களைத் துருவிக் கண்டுபிடித்தவர். எனக்குத் தெரிந்து நம் பக்கம் அந்த வேலையை யாரும் செய்யவில்லை. என் பெட்டியில் இருப்பதில் பாதிக்கு மேல் பெயர் இருக்கிறது, பள்ளி தெரியாது.

சித்தி இருக்கிறார்களா? இருந்தால் துணியை மடியில் வைத்து, எந்த வகுப்பில் போட்டது, தையல் டீச்சர் யார், நூல் எந்தக் கடையில் வாங்கியது என்று கேளுங்கள். பதிலைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டுத் துணியோடு வையுங்கள். பேனா வேண்டாம், மை பரவும்.