அலமேடா காரிடாரில் சரக்கு ரயில் பார்க்கப் போனால் ஏதாவது கண்ணுக்குத் தெரியுமா?

லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்திலிருந்து அலமேடா காரிடார் என்ற சரக்குப் பாதையில் வரும் கன்டெய்னர் ரயில்களைப் பார்க்க ஆசை, ஆனால் பாதித் தூரம் பள்ளத்துக்குள் ஓடுகிறதாமே, போவது வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. ஆனால் மற்ற இடங்களில் ரயில் பார்த்த பழக்கத்தோடு இங்கே வந்து நின்றால் ஏமாந்துதான் போவீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

முதல் தடவை ஃபயர்ஸ்டோன் சாலை அந்தப் பள்ளத்தைக் கடக்கும் பாலத்தில் போய் நின்றேன். எங்கேயாவது ஹாரன் கேட்கும், அப்போது நிமிர்ந்து பார்க்கலாம் என்று போனை நோண்டிக்கொண்டிருந்தேன். ஹாரன் கேட்கவே இல்லை. காலுக்கடியில் பாலம் லேசாக அதிர்ந்தது, பக்கத்தில் போன லாரி என்று நினைத்து நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது கடைசியில் தள்ளிக்கொண்டு போகும் இன்ஜினின் முதுகுதான் தெரிந்தது. இரண்டு மைல் நீள ரயில் ஒன்று என் காலுக்குக் கீழேயே முழுசாகப் போய் முடிந்திருக்கிறது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. அமெரிக்காவில் ரயில் ஹாரன் அடிப்பது பெரும்பாலும் லெவல் கிராசிங்குக்காக: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். இந்தப் பாதையைக் கட்டியதே அந்த கிராசிங்குகளை ஒழிப்பதற்குத்தான். முன்பு லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களின் சரக்கு வெவ்வேறு கிளைப் பாதைகளில் ஊருக்குள் ஊர்ந்து போகும், ஒவ்வொரு தெருவிலும் கார்கள் கேட்டுக்கு முன்னால் காத்துக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே 20 மைல் பாதையாக்கி, இருநூறுக்கும் மேற்பட்ட கிராசிங்குகளைத் தூக்கிவிட்டு, நடுவில் 10 மைலுக்கு 33 அடி ஆழம், 50 அடி அகலத்தில் கான்கிரீட் பள்ளம் தோண்டினார்கள். 2002 ஏப்ரலில் திறந்தார்கள், செலவு சுமார் 240 கோடி டாலர். ஆக, ரயில் ஊரின் கண்ணிலும் காதிலும் படக்கூடாது என்றே கட்டிய பாதை இது. நாம் போய் அதை ரசிக்க நிற்கிறோம், கொஞ்சம் வேடிக்கைதான்.

சரி, அங்கே என்னதான் பார்ப்பது?

கூரையைப் பாருங்கள். சாதாரணமாகத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றால் ரயிலின் பக்கவாட்டு மட்டும்தான் தெரியும், இங்கே பாலத்தின் மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்கில் வரும் பெட்டிகளின் தலை தெரியும். கன்டெய்னர் எண்ணைக் கூரையிலும் எழுதியிருப்பார்கள் என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. நான்கு எழுத்து, அதில் கடைசி எழுத்து யு, அப்புறம் ஆறு இலக்கம், அதற்குப் பிறகு ஒரு சரிபார்ப்பு இலக்கம். முதல் மூன்று எழுத்தை வைத்தே பெட்டி யாருடையது என்று சொல்லிவிடலாம், நாலைந்து தடவை போனால் தானாகவே பழகிவிடும். கூரையில் நசுங்கல், துரு, ஒட்டுப்போட்ட தகடு எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். பக்கவாட்டில் பளபளவென்று இருக்கும் பெட்டியின் மண்டை சில நேரம் பரிதாபமாக இருக்கும்.

இன்னொன்று, இங்கே ஓடுவதில் பெரும்பாலும் 40 அடிப் பெட்டிகள்தான், அதாவது கப்பலில் வந்தவை. உள்நாட்டுக்குள் ஓடும் 53 அடிப் பெட்டியை இங்கே தேடாதீர்கள். கப்பல் பெட்டியில் வந்த சரக்கில் ஒரு பகுதியை லாரியில் உள்ளே தள்ளியிருக்கும் கிடங்குகளுக்குக் கொண்டுபோய், பிரித்து 53 அடிப் பெட்டிக்கு மாற்றுகிறார்கள், அது இந்தப் பள்ளத்துக்குள் இறங்குவது அபூர்வம். வடக்கே போகும் ரயில் இறக்குமதி. தெற்கே துறைமுகத்துக்குத் திரும்புவதில் காலிப் பெட்டி நிறைய இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே தெரியும், தகர டப்பாவைத் தட்டுவது போல் ஒரு வெற்றுச் சத்தம்.

ஆரஞ்சு இன்ஜின் பிஎன்எஸ்எஃப் ரயில் கம்பெனியுடையது, மஞ்சள் இன்ஜின் யூனியன் பசிபிக் கம்பெனியுடையது, இரண்டுக்கும் இதே பாதைதான். இன்ஜின் பாலத்துக்குக் கீழே நுழையும்போது சூடான டீசல் காற்று குப்பென்று முகத்தில் அடிக்கும், தொப்பி போட்டிருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எப்போது வரும் என்று கேட்காதீர்கள், பயணிகள் ரயில் மாதிரி நம் கைக்கு வரும் கால அட்டவணை எதுவும் கிடையாது. என் அனுபவத்தில் மணிக்கு ஒன்றிரண்டு வந்தால் நல்ல நாள், இரண்டு மணி நேரம் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளும் உண்டு. ரயிலைவிடக் கப்பலைக் கவனிப்பது மேல் என்பது என் கட்சி. பெரிய கப்பல்கள் கரையில் கட்டி ஓரிரு நாளில் வடக்கே போகும் ரயில்கள் கூடும். சீனப் புத்தாண்டுக்கு அங்கே தொழிற்சாலைகள் மூடினால் சில வாரம் கழித்து இங்கே பள்ளம் காற்று வாங்கும். பண்டிகை வியாபாரச் சரக்கு ஏறும் ஜூலை முதல் அக்டோபர் வரை போவது உத்தமம்.

போட்டோ எடுப்பதாக இருந்தால், காலை மாலை வெளிச்சம்தான் அழகு என்ற பாடத்தை இங்கே மறந்துவிடுங்கள். பள்ளம் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது. காலையில் கிழக்குச் சுவரின் நிழலும் மாலையில் மேற்குச் சுவரின் நிழலும் தண்டவாளத்தை மூடிவிடும், உச்சி வெயிலில்தான் அடிவரை வெளிச்சம் இறங்கும். சுவருக்குச் சுவர் குறுக்காக கான்கிரீட் உத்தரம் போட்ட இடங்களும் உண்டு, அங்கே படம் முழுக்கக் கோடு கோடாக நிழல் விழும், இரண்டு பாலம் தள்ளிப் போய்ப் பாருங்கள். பாலத்தில் கம்பி வலை இருக்கும், பெரிய லென்ஸைவிடப் போன் கேமராவுக்குத்தான் அதன் ஓட்டை தோது. வலை மேல் ஏறுவதோ பள்ளத்துக்கு அருகே இறங்குவதோ வேண்டவே வேண்டாம், அங்கே போக அனுமதி இல்லை, ஆபத்தும் கூட. நடைபாதையில் நிற்பதை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு தடவை மட்டும் ஒருவர் காரை நிறுத்தி, கீழே ஏதாவது விபத்தா என்று விசாரித்தார். ரயில் பார்க்கிறேன் என்றேன், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பள்ளம் வேண்டாம், இன்ஜினைக் கண்மட்டத்தில் பார்த்தால்தான் திருப்தி என்றால் வடக்கு முனையில் ரெடோண்டோ ஜங்ஷன் பக்கம் போங்கள். அங்கே சரக்கு ரயில் பள்ளத்தை விட்டுத் தரைக்கு வந்திருக்கும், பயணிகள் ரயில் அதற்கும் மேலே தனிப் பாலத்தில் போகும், இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மாட்டினால் அன்றைக்கு உங்கள் அதிர்ஷ்டம். எனக்கு இதுவரை ஒரே ஒரு தடவைதான் மாட்டியது, அப்போது போனில் சார்ஜ் இல்லை.