மண்டபத்தில் ஃபிளாஷ் போட்டால் முகம் வெளிறுவது ஏன்?

தருமபுரியில் உறவினர் திருமணத்தைப் படமெடுத்தபோது முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிட்டதாகவும், எந்த வெளி ஃபிளாஷ் (கேமராவின் மேல் தனியாகப் பொருத்தும் மின்னல் விளக்கு) வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். விலையைவிட, அதன் தலைப்பகுதி மேலும் பக்கவாட்டிலும் திரும்புகிறதா என்பதையே முதலில் பாருங்கள். ஏனெனில் சிறிய விளக்கிலிருந்து நேராகப் பாயும் ஒளி முகத்தை வெளிறச் செய்து, கூர்மையான நிழலையும் உண்டாக்குகிறது, அதே ஒளி வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்போதோ கூரையே பெரிய விளக்காகி, மூக்கின் கீழ் விழும் நிழலைக்கூட மென்மையாக்கிவிடுகிறது. பச்சை வண்ணம் அடித்த சுவரானால் அந்த நிறம் பட்டுப்புடவையிலும் ஏறிவிடும் (நம்மூர் மண்டபங்களில் இந்தத் தொல்லை உண்டு). ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800, லென்ஸின் துளை எஃப்/4, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/60 நொடி என்று தொடங்கினால் மேடை விளக்குகளின் ஒளியும் படத்தில் பதிந்து, பின்னணி இருளாது. ஒகேனக்கல் பரிசலில் நண்பகல் வெயிலில் எடுக்கும்போது ஒளியைத் திருப்பித் தரக் கூரை ஏது? அங்கே ஃபிளாஷை நேராகவே வைத்து, டிடிஎல் முறையில் (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து, ஃபிளாஷின் அளவைக் கேமராவே முடிவு செய்யும் முறை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, ஃபிளாஷ் ஒளியைக் குறைத்து, ஷட்டரை 1/200 நொடிக்கு மேல் வேகமாக்காமல் எடுத்தால், கண்குழி நிழல் மட்டும் விலகும்.