நன்றாகச் சாப்பிடும் குழந்தை உயரம் வளராததற்குக் குடல் காரணமாக இருக்கலாமா?

கேள்வி கேட்டவர் ராமநாதபுரம் கடற்கரையோர ஊர் ஒன்றில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகனுக்கு 22 மாதம். அங்கன்வாடியில் அளந்தபோது நீளம் 79 செ.மீ. என்றும், வயதுக்கு இது குறைவு என்றும் சொல்லியிருக்கிறார்கள். பையன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். வயிற்றுப்போக்கும் அடிக்கடி வருவதில்லை. அப்படியிருக்க, குடலில் நோய் ஏதும் இருக்குமா, இதைப் பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பது அவருடைய கேள்வி. இதே கடற்கரையில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையிலும், இந்த ஆராய்ச்சிகளை விடாமல் படித்து வருபவள் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன். குடல் காரணமாக இருக்கலாம். ஆனால் அது பெயர் வைத்த ஒரு நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் அந்த 79 செ.மீ. சரியான அளவுதானா என்று பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை நிற்கவைத்து அளக்கக் கூடாது. அளவுப் பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையை மேல் தட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முழங்கால்களை மெதுவாக அழுத்தி நீட்டி, நகரும் தட்டைப் பாதத்தோடு நேராகச் சேர்த்த பிறகே எண்ணைப் படிக்க வேண்டும். குழந்தை கத்திக்கொண்டு இடுப்பை வளைக்கும். பெற்றவளுக்குப் பார்க்கப் பொறுக்காமல் "போதும், விடுங்கக்கா" என்பாள். ஒரு கால் மடங்கியிருக்கும்போதே எண்ணை எழுதிவிடுவார்கள். ஒன்றரை செ.மீ. அங்கேயே போய்விடும். ஆகவே இருவர் சேர்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். ஒற்றை அளவைவிட, இரண்டு அளவுகளுக்கு இடையில் எவ்வளவு வளர்ந்தான் என்பதே அதிகம் சொல்லும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தின்படி, 22 மாத ஆண் குழந்தையின் நடு அளவு சுமார் 86 செ.மீ.; வளர்ச்சி குன்றியதாகக் கொள்ளும் கீழ்க்கோடு சுமார் 80 செ.மீ. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல சூழலில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து தயாரித்த வரைபடம் அது. அந்தக் குழந்தைகள் நாடு வேறுபாடின்றி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். எனவே "நம்ம சனம் குட்டைதானே" என்று தள்ளிவிட முடியாது. பெற்றோரின் உயரமும், குறைமாதப் பிறப்பும் ஒரு தனிக் குழந்தையின் கணக்கில் நிச்சயம் சேரும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 விழுக்காட்டினர் உயரம் குன்றியிருந்தார்கள். இந்திய அளவில் அது 35.5 விழுக்காடு. உங்கள் மகன் தனி ஆள் இல்லை.

இனிக் குடலுக்கு வருவோம். சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய விரல்கள், பூத்துவாலையின் நூல்களைப் போல அடர்ந்து நிற்கின்றன. உண்ட உணவை உடம்பில் சேர்ப்பவை அவைதாம். அசுத்தம் கலந்த நீர், மண், கை வழியாகக் கிருமிகள் தொடர்ந்து உள்ளே போகும்போது, இந்த விரல்கள் குட்டையாகி மழுங்கிவிடுகின்றன. குடற்சுவர் கசியத் தொடங்குகிறது. கிருமிகளின் துணுக்குகள் இரத்தத்தில் நுழைய, உடம்பு ஓயாத ஓர் அழற்சியில் சிக்கிக்கொள்கிறது. அந்த அழற்சி எலும்பு நீளத் தேவையான வளர்ச்சிக் காரணிகளை அடக்கிவிடுகிறது. சாப்பிட்டதில் ஒரு பங்கு வீணாகிறது. சேர்ந்ததிலும் ஒரு பங்கு கிருமியோடு மல்லுக்கட்டவே போய்விடுகிறது. இவ்வளவும் நடக்கும்போது குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சூழல்சார் குடல் செயற்குறைபாடு என்று இதைச் சொல்கிறார்கள். "நல்லாத்தான் திங்கிறான், ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்று நம் பக்கத்து அம்மாக்கள் சொல்லும்போது, பிள்ளையை ஒழுங்காக ஊட்டுவதில்லை என்று அவர்களையே குறை சொல்வது வழக்கமாக இருந்தது. அந்தக் குறையில் நியாயமில்லை என்பது என் கருத்து.

இது பிறவிக் குறையும் அல்ல, இனக்கூறும் அல்ல என்பது 1960களிலேயே தெரிந்துவிட்டது. அன்றைய பாகிஸ்தானில் தொண்டாற்ற வந்த அமெரிக்க இளைஞர்களின் குடலிலும் இதே மாற்றங்கள் தோன்றி, ஊர் திரும்பிய பிறகு படிப்படியாகச் சரியாயின. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் தென்னிந்தியக் கிராம மக்களின் குடலைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அதே வேலூர், 2009இல் தொடங்கிய மால்-எட் என்னும் எட்டு நாட்டு ஆய்விலும் ஒரு களமாக இருந்தது. அதில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து இரண்டு வயதுவரை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தபோது மட்டுமன்றி, நலமாக இருந்த மாதங்களிலும் மலத்தைப் பரிசோதித்தார்கள். நலமாகத் தெரிந்த குழந்தைகளின் மலத்திலும் ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், ஜியார்டியா, ஒருவகை ஈ. கோலை ஆகிய கிருமிகள் இருந்தன. அவற்றை அதிகம் சுமந்த குழந்தைகள் இரண்டு வயதில் நீளம் குறைந்திருந்தார்கள்.

அப்படியானால் கழிப்பறை கட்டி, தண்ணீரில் குளோரின் கலந்து, சோப்புப் போட்டுக் கை கழுவினால் உயரம் கூடிவிடுமா? வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். 2018, 2019ஆம் ஆண்டுகளில் முடிவுகள் வந்தன. சுகாதார ஏற்பாடுகளால் மட்டும் உயரம் கூடவில்லை. ஊட்ட உணவு கொடுத்த குழந்தைகள் சிறிதளவு கூடுதலாக வளர்ந்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அதற்கு மேல் பலன் இல்லை. இதைப் படித்துவிட்டுச் சுத்தம் வீண் என்று முடிவுகட்டுவது தவறு. அந்த எளிய ஏற்பாடுகள் கிருமிச்சுமையைப் போதுமான அளவு குறைக்கவில்லை என்றே ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள். நம் கடற்கரையை நினைத்துப் பார்த்தால் அது புரியும். நிலத்தடி நீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் மணலில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புகிறோம். வாய் அகன்ற பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் வைத்திருக்கும் அந்தத் தண்ணீரில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கையும் டம்ளரோடு முங்கி எழுகிறது. குழந்தை தவழும் முற்றத்திலேயே கோழியும் மேய்கிறது. கேம்பைலோபாக்டர் பெரும்பாலும் கோழி வழியாக வருவது. கோழியைக் கூண்டில் அடைப்பதும், தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடிவைத்து, நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுப்பதும் உங்கள் கையில் இருப்பவை.

உணவைப் பொறுத்தவரை, நமக்கு நேரடியாகப் பொருந்தும் இரண்டு ஆய்வுகள் உண்டு. ஈக்வடாரில் ஆறு மாதம் கடந்த குழந்தைகளுக்குத் தினம் ஒரு முட்டை வீதம் ஆறு மாதம் கொடுத்ததில், வளர்ச்சி குன்றுவது கணிசமாகக் குறைந்ததாக 2017இல் வெளியிட்டார்கள். அதையே ஆப்பிரிக்காவின் மலாவியில் செய்தபோது உயரத்தில் மாற்றமே இல்லை. மலாவி ஏரிக்கரைக் குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அதற்குச் சாத்தியமான ஒரு காரணமாகச் சொன்னார்கள். மீன் கரையேறும் ஊரில் இருந்துகொண்டு, இந்த முடிவை நாம் கவனிக்காமல் இருக்கக் கூடாது. பிள்ளைக்கு மீன் கொடுத்தால் மாந்தம் வரும் என்று ஒன்றரை, இரண்டு வயதுவரை ரசஞ்சோற்றிலேயே ஓட்டும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாய்க்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கிண்டிக் கொடுக்கும் அதே வீட்டில்தான் இது நடக்கும். ஆறு மாதம் முடிந்ததும் முள் நீக்கி வேகவைத்து மசித்த மீனைச் சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். உங்கள் மகன் வயதுக்கு, தலை கிள்ளிய பொடி நெத்திலியை மெத்தென்று வேகவைத்து முள்ளோடே நன்றாக மசித்துக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். முட்டை, பருப்பு, நிலக்கடலைப் பொடி எல்லாம் நல்லவை. நன்றாகச் சாப்பிடுகிறான் என்பதில் டீயில் முக்கிய பிஸ்கட் எவ்வளவு என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். பிஸ்கட் வயிற்றை அடைக்கும். டீ இரும்புச் சத்தைச் சேரவிடாது.

வயிற்றுப்போக்கு வரும்போது "வயிற்றைக் காயப்போடு" என்பார்கள், அதைக் கேட்காதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசலோடு, வழக்கமான உணவையும் தாய்ப்பாலையும் தொடர்ந்து கொடுத்து, துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் சேர்த்து 14 நாள் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது ஆகியவற்றால் குடலுறிஞ்சி திரும்ப வளராது. பசிக்கு என்று விற்கும் டானிக்கும் அப்படித்தான். குடற்புழு மாத்திரையை அங்கன்வாடியில் தரும்போது போடுங்கள். அதனால் உயரம் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பெயர் வைத்த நோய்களும் உண்டு. அவற்றை மருத்துவர்தான் கண்டறிய வேண்டும். கோதுமையிலுள்ள புரதத்தால் குடல் சேதமடையும் சீலியாக் நோய் வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் காணப்படுகிறது. தெற்கே மிக அரிது. அதனால் தானாகவே கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் பின்னர் செய்யும் இரத்தப் பரிசோதனையும் தெளிவாக இராது. பால் புரத ஒவ்வாமை, ஜியார்டியா தொற்று, குடல் காசநோய், தைராய்டு குறைபாடு ஆகியவற்றையும் மருத்துவர் மனத்தில் வைத்திருப்பார். மலத்தில் இரத்தம், எண்ணெய்ப் பசையோடு நாற்றமடிக்கும் மலம், 14 நாளைத் தாண்டிய வயிற்றுப்போக்கு, வயிறு உப்பிக் கைகால் சூம்புவது, எடையும் இறங்குவது, உதடும் நகக்கண்ணும் வெளுப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த அளவுக்குக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். போகும்போது தாய் சேய் நல அட்டையையும், பிறந்த எடை, பிறந்த வாரம், உங்கள் இருவர் உயரம், இதுவரை எடுத்த நீள எடை அளவுகள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதிய தாளையும் கையில் கொண்டுபோங்கள்.