ஞானப்பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடுமா?

போகாது. கடிதத்தில் மூன்று இடத்தில் இதையே கேட்டிருக்கிறீர்கள். கீழ்த்தாடைப் பல்லுக்கும் பார்வை நரம்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் பெரியம்மா பல் எடுத்த மறுவருடம் கண்ணாடி போட்டார் என்றால், நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்தாகத்தான் இருக்கும். வாய் கோணிப்போகும் என்று யூடியூபில் பார்த்ததையும் மறந்துவிடுங்கள். முகத்தை அசைக்கும் நரம்பு வேறு. மரத்துப்போக ஊசி போட்டதும் உதடு சில மணி நேரம் தொங்குவது போல இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

உண்மையில் கவனிக்க வேண்டிய நரம்பு ஒன்று உண்டு. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அடியில், தாடை எலும்புக்குள் ஓடுகிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். பல்லை எடுக்கும்போது அது அழுந்தினால் அந்த இடம் சில வாரமோ சில மாதமோ மரத்திருக்கும். நிரந்தரமாக மரத்துப்போவது பொதுவாக நூறில் ஒருவருக்கும் குறைவு. வேர் அந்த நரம்பை ஒட்டியிருக்கிறதா என்று ஓபிஜி எக்ஸ்ரேயை, அதாவது இரண்டு தாடையும் முழுதாகத் தெரியும் படத்தைப், பார்த்துச் சொல்லும்படி உங்கள் பல் மருத்துவரிடம் கேளுங்கள். ஒட்டியிருப்பது போலத் தெரிந்தால் சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுப்பார்கள். வேரை அப்படியே விட்டு, பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் வழியும் இருக்கிறது.

தொந்தரவு தராத ஞானப்பல்லை எடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். பிரிட்டனில் எந்தச் சிகிச்சை தேவை என்று பரிந்துரைக்கும் நைஸ் என்ற அமைப்பு 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொன்னது. பல்லை மூடிய ஈறு முதல்முறை வீங்கினால், கடுமையாக இல்லாதவரை பொறுத்துப் பார்க்கலாம்; இரண்டாவது முறையும் வீங்கினால் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றது. உங்களுக்கு ஆறு மாதத்தில் மூன்று முறை வீங்கிவிட்டது.

இனி, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். ‘இந்த முறை வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை.’ உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இது ஒன்றுதான். சாதாரணமாக மூன்று விரலை நெட்டுக்குத்தாக வைக்கலாம். வாய் திறக்கவில்லை என்றால் சீழ்த்தொற்று ஈறோடு நிற்காமல் தாடைத் தசைவரை போயிருக்கலாம். இதோடு காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாமை, குரல் கம்முவது, நாக்குக்கு அடியிலோ தாடைக்குக் கீழேயோ கெட்டியான வீக்கம், இதில் ஒன்று சேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போங்கள். அந்த வீக்கம் மூச்சுப்பாதையை அடைத்துவிடும். அறுவை சிகிச்சையை நினைத்துப் பயந்து தள்ளிப்போட்டவர்கள் அந்த நிலையில் வந்து சேர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி, வலி குறைந்ததும் நிறுத்தியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி அதைச் செய்யாதீர்கள். ஈறுக்கு அடியில் சிக்கிய உணவும் அழுக்கும் அங்கேயே இருக்கும்போது மாத்திரை மட்டும் என்ன செய்யும்? கிராம்புத் தைலத்தை ஊற்றி வைப்பதும் வேண்டாம், ஈறு வெந்துவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், அது நல்லது.

இந்தப் பதிலைப் படிக்கும்போதும் வாய் அப்படியே இருந்தால் இன்றைக்கே பல் மருத்துவரைப் பாருங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை மறக்காமல் எடுத்துப் போங்கள். முதலில் தொற்றை அடக்குவார்கள், பல்லை எப்போது எடுப்பது என்று பிறகு முடிவு செய்யலாம்.